இரட்டைக் கண்ணாடிச் சன்னல்

இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உலர்ந்த காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்து, விளிம்பைக் காற்றுப் புகாதபடி மூடிய சன்னல். வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்று, கண்ணாடியின் நாற்பதில் ஒரு பங்களவே ஆற்றல் உடையது. எனவே வெப்பத்தை மறிப்பது இரண்டாவது கண்ணாடியன்று, இடைவெளியே. இச்சன்னலின் வரலாறும் தகடுகளைக் கூட்டிய வரலாறாக இல்லாமல், இடைவெளியைச் செம்மைப்படுத்திய வரலாறாகவே இருக்கிறது.

குளிர்மிகு ஐரோப்பிய நாடுகளில் ஒரே சன்னலுக்கு உள்ளும் புறமும் தனித்தனிக் கதவுகள் அமைப்பது பழைய வழக்கம். இரு தகடுகளை விளிம்பில் பிணைத்து ஒரே அலகாக்கும் முறைக்கு 1865இல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் காப்புரிமை பெற்றார். விளிம்பின் வழியே ஈரம் நுழைந்தால் உள்ளே நீர் படிந்து கண்ணாடி மங்கிவிடும். 1930களில் சி. டி. ஹேவன் உருவாக்கி, லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு நிறுவனம் விற்ற ‘தெர்மோபேன்’ இக்குறையை உலோக விளிம்பால் எதிர்கொண்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் அரசுகளும் இதில் அக்கறை கொண்டன. மேற்கு ஜெர்மனி 1977இல் கட்டட வெப்பக்காப்பு விதிகளை இயற்றியது. ஆயினும் இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கதிர்வீச்சாகவே செல்கிறது. அதைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு 1980களில் சந்தைக்கு வந்தது. ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு பாகை வேறுபாட்டுக்குக் கசியும் வெப்பம் ஒற்றைக் கண்ணாடியில் சுமார் 5.7 வாட், இரட்டையில் 2.8, பூச்சும் ஆர்கானும் சேர்ந்தால் 1.1. தகடுகளின் எண்ணிக்கை மாறாமலே இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பர். நல்ல நிலையிலுள்ள சன்னலைப் பெயர்த்து மாற்றினால் அது உண்மை. புதுக் கட்டடத்திலோ பழுதான சன்னலை மாற்றும்போதோ கூடுதல் விலையை மட்டுமே கணக்கிட வேண்டும். பழையதை எறியவும் வேண்டியதில்லை: 2010இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சுமார் 6,500 சன்னல்களின் கண்ணாடிகளை அங்கேயே கழற்றி, நடுவே பூச்சிட்ட படலமும் வாயுவும் சேர்த்து மீண்டும் பொருத்தினார்கள்.

வெப்ப நாடுகளுக்கு இது வீண் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. சென்னையில் அறைக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஐரோப்பியக் குளிர்காலத்தை விடக் குறைவு. அறையைச் சுட வைப்பது பெரும்பாலும் நேர்வெயில். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆதலால் அங்கே வெயில்மறைப்பும் வெயிலைத் தடுக்கும் பூச்சுமே முதலில் வேண்டும். குளிரூட்டிய அறைகளில் இடைவெளி அவற்றுக்குத் துணையாகும். இந்தியாவின் 2007 ஆற்றல் சிக்கனக் கட்டட நெறி, கசியும் வெப்பம், நுழையும் வெயில் இரண்டுக்கும் வரம்பு விதித்தது சரியான வழி. சன்னலை மதிப்பிடத் தகடுகளை எண்ணுவது போதாது. அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் அது எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்று அளக்க வேண்டும்.