தாமிரத்தின் ஸ்தானத்தில் துத்தநாகம்

1986-ஆம் ஆண்டில், சூரிச் நகரை அடுத்த ரூஷ்லிக்கோன் ஐ.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில், பெட்னோர்ஸும் மியுல்லரும் லாந்தனம், பேரியம், தாமிரம், பிராணவாயு ஆகியவை கூடிய பீங்கான் போன்றதொரு பொருளில் மீகடத்தலைக் கண்டனர்; மறு வருஷமே அமெரிக்காவில் சூவும் வூவும் லாந்தனத்துக்குப் பதிலாக யிட்ரியத்தை இட்டு, மின்தடை அற்றுப்போகும் வெப்பநிலையை, திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினையும் தாண்டி, 93 கெல்வின் வரை உயர்த்திவிட்டனர். உலோகத்தை மாற்றிப் பார்க்கும் வித்தையால் வளர்ந்த இத்துறை, தன் ரகசியங்களை அறியவும் அதே வித்தையை நாடியதில் வியப்பில்லை.

எதிரெதிர்த் தற்சுழற்சியோடு ஜோடி சேர்ந்தோடும் எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடும் காந்த அணுவே மீகடத்தலின் பரம சத்துரு என்பதும், காந்தமற்ற மாசு பெரும்பாலும் நிரபராதி என்பதும் பழைய உலோகங்களைக் கொண்டு நிலைநாட்டப்பட்ட சித்தாந்தம். லாந்தனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கடோலினியம் சேர்ந்தாலே மீகடத்தல் மாய்ந்துவிடும். ஆனால் புதிய சேர்மத்தில் யிட்ரியம் முழுவதையும் நீக்கி, அவ்விடமெல்லாம் அதே கடோலினியத்தைக் குடியேற்றினாலும் மீகடத்தல் 90 கெல்வினுக்கு மேலேயே நிலைக்கிறது! தாமிரமும் பிராணவாயுவும் பரவிய தளங்களிலேயே ஜோடிகள் உலவுகின்றன. தளங்களுக்கு இடையே அமர்ந்த கடோலினியத்தின் காந்த எலெக்ட்ரான்களோ அணுவின் உள்ளறையில் அடங்கிக் கிடப்பதால் அவற்றை எட்டுவதில்லை. (பிரசியோடிமியம் மட்டும் இதற்கு விலக்கு, அதன் எலெக்ட்ரான்கள் பிராணவாயுவோடு கலந்து மீகடத்தலைக் கெடுத்துவிடுகின்றன.)

தாமிரத்தையே மாற்றப் புகுந்தால் நிலைமை வேறு. இரும்பும் கோபால்ட்டும் தளங்களை விட்டு, அவற்றுக்கு இடையே தாமிரமும் பிராணவாயுவும் கோத்துநிற்கும் சங்கிலித் தொடர்களையே பெரிதும் நாடுவதால், சிறு அளவில் அதிகத் தீங்கு செய்வதில்லை. துத்தநாகமோ நேரே தளத்தில் புகுகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு புகுந்தாலே ஏறத்தாழ 10 டிகிரி பறிபோகிறது. காந்தமே இல்லாத இந்தச் சாது உலோகம் இத்தனை துஷ்டத்தனம் செய்வானேன்? தாமிர அயனியில் துணையற்ற எலெக்ட்ரான் ஒன்று உண்டு. துத்தநாகத்தில் அது இல்லை. கோலாட்ட வட்டத்தில் கோலின்றி ஒருவர் வந்து நின்றால் அண்டையிலுள்ளோர் தாளமும் குலைவதுபோல, சுற்றியுள்ள தாமிர அணுக்களின் தற்சுழற்சி ஒழுங்கு குலைந்து அங்கே காந்தத் தன்மை தலைதூக்குவதை அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனைகள் காட்டின. மேலும், இந்த ஜோடிகளின் அலைச்சார்பு திசைக்குத் திசை குறி மாறுவதாகையால், காந்தமற்ற தடங்கலில் மோதிச் சிதறினாலும் ஜோடி உடைகிறது. துணையற்ற எலெக்ட்ரான்கள் இரண்டைத் தாங்கிவரும் நிக்கலோ, காந்தமாயிருந்தும், துத்தநாகத்தைவிடக் குறைவாகவே கெடுதல் செய்கிறது.