கார்புரேட்டர் பின்வெடிப்பு

கார்புரேட்டர் பின்வெடிப்பு என்பது பெட்ரோல் பொறியின் உருளைக்குள் எரிய வேண்டிய காற்று-எரிபொருள் கலவை, உள்ளிழு குழாயிலேயே தீப்பற்றி, கார்புரேட்டர் வழியாக ஓசையுடன் வெளிப்படுவதைக் குறிக்கும். பட்டறைகளில் இது பேக்ஃபயர் எனப்படுகிறது. கார்புரேட்டரில் ஓசை எழுவதால் பழுதும் அதிலேயே உள்ளது எனக் கருதுவது பொதுவான தவறாகும். பல வேளைகளில் பழுது தீமூட்டும் அமைப்பிலோ வால்விலோ இருக்கும்.

சைலன்சரில் கேட்கும் வெடிப்பு இதிலிருந்து வேறுபட்டது. எரியாத கலவை சூடான புகைக்குழாயை அடைந்து அங்கு எரிவதால் அது உண்டாகிறது. எனவே ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

காரணங்கள்

* மெலிந்த கலவை: பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். உள்ளிழு வால்வு மீண்டும் திறக்கும்போதும் உருளையில் தீ எஞ்சியிருந்தால், புதிய கலவை பற்றிக்கொள்ளும். ஜெட் அடைப்பு, மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் குறைவு, கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவு ஆகியவை இதற்கு வழிவகுக்கும்.
* தீப்பொறி நேரப் பிழை: தீப்பொறி மிகவும் தாமதமானாலும் எரிதல் நீடிக்கும்.
* வால்வுப் பழுது: உள்ளிழு வால்வு முழுமையாக மூடாவிட்டால் தீ பின்னோக்கிக் கசியும்.

பழுது கண்டறியும் முறை

1955 இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தயாரித்த புல்லட் 350 வண்டியின் பழைய வார்ப்பிரும்புப் பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். எளிய சோதனைகளை முதலில் செய்தல் நன்று.

# சோக்கைப் பாதியளவு இட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பு நின்றால் கலவை மெலிந்துள்ளது எனலாம். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருப்பதும் இதற்கு அறிகுறியாகும். இளம்பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும்.
# பொறி நிதானமாக ஓடும்போது கார்புரேட்டர் இணைப்பில் சிறிது எண்ணெய் தடவலாம். பொறியின் வேகம் மாறினால் அங்குக் காற்று கசிகிறது.
# சோக்கால் மாற்றமில்லை எனில் பாயிண்டைப் பார்க்க வேண்டும். முழுமையாகத் திறந்த நிலையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். இடைவெளி மாறினால் தீப்பொறி நேரமும் மாறும். பாயிண்டில் மிகுதியான தீப்பொறி பறந்தால் கண்டன்சர் பழுதாகியிருக்கலாம்.
# பொறி குளிர்ந்திருக்கும்போது, அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டன் மேல்நிலையில் இருக்க, வால்வின் தள்ளுதண்டுகளை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளிழு தண்டு சுழலாமல் இறுகியிருந்தால் அவ்வால்வு மூடுவதில்லை.

இவற்றுக்குப் பின்னரே கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைத் தூய்மை செய்தல் வேண்டும். ஜெட் துளையைக் கம்பியால் குத்தினால் அது பெரிதாகி அளவு கெடும். காற்றால் ஊதுவதே முறையாகும்.

பாதுகாப்பு

பின்வெடிப்பின் தீ, கசிந்த பெட்ரோலையோ எண்ணெய் படிந்த காற்று வடிகட்டியையோ பற்றவைக்கக்கூடும். எனவே சோதனையின்போது கார்புரேட்டரின் வாய்க்கருகில் முகத்தைக் கொண்டுசெல்லலாகாது. கசிவு இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, அதைச் சரிசெய்த பின்னரே பொறியை இயக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கார்புரேட்டர்
* ஸ்பார்க் பிளக்