தேய்மானத்தின் விலை: இசைக்கலைஞர்களின் கருவிகள் ஏலத்திற்கு வரும்போது

2011 ஜூன் 20 அன்று, 'லேடி பிளண்ட்' என்றழைக்கப்படும் ஸ்ட்ராடிவாரி வயலின் டாரிசியோ நிறுவனத்தின் இணைய ஏலத்தில் 98 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1721இல் செய்யப்பட்ட கருவி அது. கவிஞர் பைரனின் பேத்தி லேடி ஆன் பிளண்ட் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை வைத்திருந்தார். இதே வயலின் 1971இல் லண்டன் ஏலத்தில் 84,000 பவுண்டுக்கு விற்றது. விற்பவர்களும் வாங்குபவர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்றுதான்: மூன்று நூற்றாண்டாக யாரும் அதை அதிகம் வாசிக்கவில்லை, அதனால் வார்னிஷ் புதிதுபோல் இருக்கிறது.

2020 ஜூன் 20 அன்று, ராக் இசைக்கலைஞர் கர்ட் கோபேனின் மார்ட்டின் டி-18இ கிதார் 60 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு ஏலம்போனது. 1959இல் செய்த கருவி. 1993 நவம்பரில் எம்டிவி 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் அவர் வாசித்தது. வலதுகைக்காரருக்கான கிதாரை இடதுகை வாசிப்புக்கு மாற்றித் தந்தி கட்டி, ஒலித்துளையில் வேறொரு பிக்கப்பையும் பொருத்தியிருந்தார். விலைக்குக் காரணம், ஒரு குறிப்பிட்ட மனிதர் அதைத் தொட்டு, தன் வசதிக்கு வளைத்து, அழுக்காக்கியிருந்தார் என்பதே.

இரண்டுமே வரலாற்றுச் சிறப்புமிக்க இசைக்கருவிகள்தான். ஆனால் ஒன்றில் கை படாததற்கு விலை. மற்றதில் கை பட்டதற்கு விலை. இந்த முரண் வெறும் சந்தை விசித்திரம் அன்று. ஒரு கலைஞரின் கருவியில் நாம் எதைக் காப்பாற்ற நினைக்கிறோம் என்பதில் இன்னும் தெளிவில்லை என்பதையே அது காட்டுகிறது. என் கருத்தில், கலைஞரின் கருவியில் காக்கப்பட வேண்டிய முதன்மையான ஆவணம் அதன் தேய்மானமும் பழுதுபார்ப்பும் ஒட்டுப்போட்ட இடங்களும்தான். வயலின் சந்தை இதைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டது. பாப் இசைச் சந்தை அசட்டுத்தனங்கள் பல செய்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சரியாக இருக்கிறது.

'அசல்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில், ஸ்ட்ராடிவாரி வேலைசெய்த இத்தாலிய நகரமான கிரெமோனாவில் செய்த வயலின்கள் பெரும்பாலானவற்றின் கழுத்து இன்று அவற்றின் சொந்தக் கழுத்து அன்று. 19ஆம் நூற்றாண்டில் அரங்குகள் பெரிதாயின. தந்திகளின் இழுவிசை கூடியது. கழுத்தை நீட்டிச் சாய்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. மேற்பலகையின் உட்புறம் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற மரச்சட்டமும் கனமானதாக மாற்றப்பட்டது. குதிரை, பிருடை, தந்தி தாங்கி எல்லாம் எத்தனையோ முறை மாறியவை. உடலும் சுருள்தலையும்தான் மிச்சம். உலகிலேயே அதிகம் தீண்டப்படாத ஸ்ட்ராடிவாரி என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் 'மெசையா'வைச் சொல்வார்கள். 1716இல் செய்து, 1737இல் தாம் இறக்கும்வரை ஸ்ட்ராடிவாரி தம்மிடமே வைத்திருந்த கருவி அது. அதன் கழுத்தைக்கூட பாரிஸ் வயலின் வினைஞர் வூய்யோம் நீட்டியிருக்கிறார். அதிலுள்ள செதுக்கு வேலைப்பாட்டுப் பிருடைகளும் தந்தி தாங்கியும் அவர் செய்தவை. கன்னி கழியாத கருவி என்று கொண்டாடப்படுவதன் கழுத்திலேயே 19ஆம் நூற்றாண்டின் கைவேலை இருக்கிறது.

ஒலிக்காகத்தானே இந்த விலை என்று கேட்கலாம். 2010இல் இண்டியானாபொலிஸில் ஒலியியல் ஆய்வாளர் கிளோடியா ஃபிரிட்ஸும் வயலின் வினைஞர் ஜோசப் கர்ட்டினும் ஒரு சோதனை நடத்தினர். மங்கலான வெளிச்சத்தில், கண்ணை மறைக்கும் கண்ணாடி போட்டு, 21 வயலின் கலைஞர்கள் மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் வாசித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப்போகத் தேர்ந்தது புதியதை. பின்னர் பாரிஸ் அருகே தனிக்கச்சேரிக் கலைஞர்களைக் கொண்டு செய்த சோதனையிலும் பழையவற்றுக்கு மேலிடம் கிடைக்கவில்லை. ஆய்வு முறை பற்றி விவாதம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான விலையை ஒலியின் தோளில் மட்டும் ஏற்ற முடியாது என்பது தெளிவாகிவிட்டது. விலையில் பெரும்பங்கு வரலாற்றுக்குத்தான். அப்படியானால் அந்த வரலாறு கருவியின் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஜெனோவாவை விடச் சிறந்த இடமில்லை. இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் வயலின் 1743இல் கிரெமோனா வினைஞர் குவர்னேரி தெல் ஜெசு செய்தது. குவர்னேரி இறப்பதற்கு முந்தைய ஆண்டு. 1800களின் தொடக்கத்தில் லிவோர்னோ நகரில் வாசிக்கப் போன இளம் பாகனினியிடம் அப்போது வயலின் இல்லை. சூதாட்டத்தில் போய்விட்டது என்பது கதை. லிவ்ரோன் என்ற வணிகர் இதைக் கொடுத்து உதவி, கச்சேரியைக் கேட்டபின் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, அதன்பின் சாகும்வரை பாகனினி இதைப் பிரியவில்லை. அதன் முழக்கத்தை வைத்துப் 'பீரங்கி' என்று பெயரிட்டார். இன்றும் 'இல் கன்னோனே' என்பதே பெயர். 1837இல் எழுதிய உயிலில், என்றென்றும் காக்கப்பட வேண்டும் என்று சொல்லித் தம் பிறந்த ஊரான ஜெனோவாவுக்கு அதை விட்டுச்சென்றார். 1840இல் நீஸ் நகரில் இறந்தார். வயலின் நகராட்சியின் கைக்கு வர 1851 ஆயிற்று.

விற்பனைக்கே வராமல் போனதுதான் அந்த வயலினுக்கு வாய்த்த நல்லூழ். சந்தையில் சுற்றிய தெல் ஜெசு வயலின்கள் பலவற்றின் பலகைகளை, ஒலி எளிதாக எழ வேண்டும் என்று பின்வந்தவர்கள் உள்ளிருந்து சுரண்டி மெலிதாக்கினார்கள். கன்னோனேயின் பலகைகள் வழக்கத்திற்கு மாறான கனத்தோடு அப்படியே இருக்கின்றன. மேற்பலகையில் தந்தி தாங்கியை ஒட்டிய பகுதியில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளிறித் தெரியும். கன்னத் தாங்கியை ஜெர்மன் வயலின் கலைஞர் ஷ்போர் 1820 வாக்கில் கொண்டுவந்தார். பாகனினி அதைப் பயன்படுத்தவில்லை. தாடையும் கழுத்தும் வியர்வையும் நாற்பதாண்டு நேராக மரத்தில் உராய்ந்த தடம் அது. அவர் எப்படி நின்றார், கருவியை எந்தக் கோணத்தில் பிடித்தார் என்பதற்கு ஓவியங்களும் கேலிச்சித்திரங்களும் உண்டு. ஓவியர் மிகைப்படுத்துவார், தேய்மானம் மிகைப்படுத்தாது. பாகனினியின் சமகாலத்தவரான பாலுசுவாமி தீட்சிதர் வழியாக நம் கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்கு வந்த வயலினை, சம்மணமிட்டு அமர்ந்து, சுருள்தலையைப் பாதத்தருகே ஊன்றி வாசிக்கிறோம். தாடையின் பிடி அங்கே தேவையே இல்லை. அப்படி வாசித்த வயலினில் தேய்மானம் வேறிடத்தில் விழும். எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு பழைய வயலின் கையில் கிடைத்தால், அது எந்த மரபில் வாசிக்கப்பட்டது என்று சொல்லக்கூடியது அந்தத் தடம் மட்டுமே. 'அழகுபடுத்த' வார்னிஷ் பூசும் கடைக்காரர் அழிப்பது இதைத்தான்.

ஜெனோவாவும் தவறே செய்யாமல் இருந்துவிடவில்லை. 1937இல் சேசரே கான்டி என்ற உள்ளூர் வினைஞர் வயலினைப் பழுதுபார்த்து அக்கால வழக்கப்படி பொருத்தினார். 2004இல் மீண்டும் பாகனினி காலத்துப் பொருத்தத்திற்கு அருகில் கொண்டுவந்தார்கள். ஒரு காப்பு முயற்சியை அடுத்த காப்பு முயற்சி திருத்திய கதை இது. இரண்டாவதுதான் இறுதி என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் யார், எப்போது, எதைச் செய்தார் என்பது தெரிகிறது. கருவி ஒரே இடத்தில், ஒரே பொறுப்பில் இருந்ததன் பயன் அது. 2024 மார்ச்சில் அதை கிரெனோபிள் நகரின் ஐரோப்பிய சின்க்ரோட்ரான் மையத்திற்குக் கொண்டுபோய், மரத்தின் உள்ளமைப்பை எக்ஸ் கதிரால் முப்பரிமாணத்தில் படமெடுத்தார்கள். இனி எந்தப் பழுதுபார்ப்புக்கும் இது ஒப்புநோக்கும் அடிப்படையாக நிற்கும்.

அதோடு அந்த வயலின் பேசாமலும் இல்லை. 1954இல் தொடங்கிய பாகனினி போட்டியில் வென்றவர்கள் அதை வாசிக்கிறார்கள். 2001 டிசம்பரில் ரெஜினா கார்ட்டர் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் வாசித்தபோது முணுமுணுப்பு எழுந்தது. ஜாஸ் வாசித்தால் கருவி கெட்டுவிடும் என்ற வாதத்தில் மரவியல் எதுவும் இல்லை. அது யார் கை படலாம் என்ற பழைய வழக்கு. மேடையிலேயே உடனுக்குடன் புனைந்து வாசித்த பாகனினிக்கு அன்று மேடையில் இருந்தவர்தான் நெருங்கிய உறவு.

இப்போது கிதார்களுக்கு வருவோம். ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் கடையொன்றில் பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார்களை மொத்தமாக வாங்கினார். நண்பர்களுக்குக் கொடுத்தது போக எஞ்சிய மூன்றின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். அதுதான் 'பிளாக்கி'. 2004இல் 9,59,500 டாலருக்கு விற்றது; பணம் அவருடைய போதை மீட்பு மையத்துக்குப் போனது. இன்னொரு ராக் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டரிலும் கழுத்தும் பிக்கப்பும் முன்தகடும் பலமுறை மாறின. 1970இல் நியூயார்க்கில் வாங்கியதிலிருந்து நிலைத்தது பெரும்பாலும் உடல் மரம்தான். ஆயினும் 2019இல் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. வயலின் தரகருக்கு இவை 'கலப்படம்'. கிதார் ஏலக்காரரோ ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பட்டியலில் அச்சிடுகிறார். ஸ்ட்ராடிவாரியின் மாற்றுக் கழுத்து அடிக்குறிப்பில் ஒளிந்துகொள்கிறது. கில்மோரின் மாற்றுக் கழுத்து வெளிப்படையாகவே வருகிறது. இரண்டில் எது நேர்மையான வரலாறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

கோபேன் கிதாரோடு அதன் பெட்டியும் விற்றது. பெட்டியில் பாய்ஸன் ஐடியா என்ற பங்க் குழுவின் துண்டறிக்கை ஒட்டியிருந்தது. பயண மூட்டைச் சீட்டுகள் இருந்தன. உள்ளே பாதி தீர்ந்த தந்திப் பொதி, சில பிக், சிறு தோல்பை. ஓர் அகழாய்வாளர் குழியில் கண்டால் அடுக்கு அடுக்காக அளந்து வரையும் சங்கதி இது. வயலின் உலகில் பழைய பெட்டி முதலில் குப்பைக்குப் போகும். கழற்றிய குதிரையும் பேஸ் பாரும் பட்டறை மேசையோடு போய்விடும்.

கிதார் சந்தையைப் புகழ்வதற்கும் எல்லையுண்டு. அதே நிகழ்ச்சியில் கோபேன் அணிந்த ஸ்வெட்டர் 2019இல் 3,34,000 டாலருக்குப் போனது. துவைக்கப்படவில்லை என்பது விளம்பரமாயிற்று. சுவடு ஆவணமாக இருப்பதற்கும் திருச்சின்னமாக மாறுவதற்கும் இடைவெளி குறைவு. ஃபெண்டர் நிறுவனம் 2006இல் பிளாக்கியின் 275 நகல்களைச் செய்து, சிகரெட் சுட்ட வடு உட்பட எல்லாத் தேய்மானத்தையும் போலியாக உண்டாக்கி விற்றது. வாசிக்காமலே தேய்ந்த கிதார்கள் அவை.

வாசித்தால் தேயும், தேய்ந்தால் ஆவணம் கெடும், ஆகவே கண்ணாடிப் பேழையே சரி என்பார்கள் காப்பாளர்கள். வலுவான வாதம் இது. வியர்வை வார்னிஷைக் கரைக்கும். ஒரு பாகனினியின் தடத்தின்மேல் இருபது போட்டி வெற்றியாளர்களின் தடம் விழுந்தால் எது யாருடையது? ஆனால் இதற்கு விடை வாசிப்பைத் தடுப்பதில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் தம் குவர்னேரியை, தகுதியானவர்கள் சிறப்பு நிகழ்ச்சிகளில் வாசிக்க வேண்டும் என்று சொல்லி சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகங்களுக்கு விட்டுச்சென்றார். புரவலர் கெர்ட்ரூட் விட்டல் 1935இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு ஐந்து ஸ்ட்ராடிவாரிகளைக் கொடுத்தார். வாசிக்கலாம், நூலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இசையைக் கேட்க மக்கள் கருவியைத் தேடி வர வேண்டியதாயிற்று.

விற்பனையும் பகையாக வேண்டியதில்லை. வயலின் கலைஞர் யோவாகிம் வைத்திருந்த 1714ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி பின்னர் சி-ஹோன் மா என்ற கலைஞரிடம் வந்து, அவர் வழியாக பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரிக்குப் போனது. 2025 பிப்ரவரியில் அது 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. மாணவர் உதவித்தொகைக்கு என்பது விற்பனையின் நோக்கம். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பணத்துக்கு நோக்கம் எழுதியவர்கள் மரத்துக்கும் எழுதலாம்: கழற்றும் உறுப்பை எறியக்கூடாது, வார்னிஷைத் தொடுமுன் படமெடுத்துப் பொது நிறுவனம் ஒன்றில் வைக்க வேண்டும், பெட்டியைப் பிரிக்கக்கூடாது. இந்த மூன்றும் வாங்குபவருக்கு அதிகச் செலவில்லாத நிபந்தனைகள். எழுதாமல் விடுவதற்கு வழக்கம் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜெனோவாவில் கன்னோனேயோடு இன்னொரு வயலினும் இருக்கிறது. 1833இல் பாகனினி தம் கருவியைப் பழுதுபார்க்கத் தந்தபோது வூய்யோம் செய்த நகல். பாகனினி அதைத் தம் மாணவர் கமில்லோ சீவோரிக்குக் கொடுத்தார்; சீவோரி 1894இல் இறக்கும்வரை வைத்து வாசித்தார். வூய்யோம் பழைய கருவிகளின் சாயலைத் தேய்மானத்தோடு சேர்த்து நகலெடுப்பதில் பேர்போனவர். ஆகவே அதன் முகத்தில் இருவர் கைவேலை கலந்திருக்கும்: பாகனினியை நடித்த வினைஞருடையது ஒன்று, அரை நூற்றாண்டு தன் தாடையை வைத்து அழுத்திய சீவோரியுடையது ஒன்று. ஒரே வெளிறிய திட்டில் எது எங்கே முடிகிறது என்பதை யாரும் அளந்து எழுதினால் நல்லது, அடுத்த முறை யாராவது அதைத் துடைக்கத் துணி எடுப்பதற்குள்.