ஓக் என்னும் பெயரும் ஓக் அல்லாத மரங்களும்

மரத்தின் வரலாறும் மரப்பெயரின் வரலாறும் எப்போதும் ஒரே வழியில் செல்வதில்லை. இந்தியாவில் 'ஓக்' என்னும் சொல் அதற்குத் தக்க சான்று.

உண்மையான ஓக், குவெர்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அது இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் இயற்கையாக வளர்கிறது. குமாவோன், கட்வால் மக்கள் 'பாஞ்ச்' என்றழைக்கும் ஓக் அவர்களுக்கு விறகும் கால்நடைத் தீவனமும் தந்தது. அதன் இலைச்சருகு வயலுக்கு உரமாயிற்று. மணிப்பூரில் ஓக் இலையை உண்ணும் புழுவிலிருந்து டஸ்ஸர் பட்டு எடுக்கப்படுகிறது. தீபகற்ப இந்தியாவின் காடுகளிலோ இம்மரம் இல்லை. தமிழ் விவிலியம் 'கர்வாலி' என்று அதனைப் பெயர்த்தது. ஆயினும் மரக்கடையிலும் தச்சுப்பட்டறையிலும் நிலைத்தது 'ஓக்' என்ற ஆங்கிலச் சொல்லே.

மரம் இல்லாத இடத்துக்குப் பெயர் வந்தது எவ்வாறு? ஐரோப்பியர் தாம் கண்ட புதிய மரங்களைத் தமக்குப் பழகிய மரத்தின் பெயரால் வகுத்தனர். தேக்கை 'இந்திய ஓக்' என்றனர். இது வெறும் உவமையன்று. நெப்போலியப் போர்களை ஒட்டிக் கப்பலுக்குரிய ஓக் மரம் பிரிட்டனில் அரிதாகவே, பம்பாய்த் துறையில் தேக்கால் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. 1817இல் அங்கே மிதக்கவிடப்பட்ட டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. எனினும் 'இந்திய ஓக்' என்ற பெயர் வழக்கொழிந்தது. மலையாளத்திலும் தமிழிலும் வழங்கும் 'தேக்கு' போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்துள் புகுந்து 'டீக்' ஆகி வென்றது.

மற்றொரு மரத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெவிலியா ரொபஸ்டா 1830இல் தாவரவியல் பெயர் பெற்றது. அது ஓக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, புரோட்டியேசி குடும்பத்தது. ஆனால் ஆரவாட்டில் அறுத்தால் அதன் அகன்ற கதிர்த்திசுக்கள் ஓக் பலகையில் தெரிவது போன்ற மினுங்கும் புள்ளிகளைக் காட்டும். ஆகவே ஆஸ்திரேலியத் தச்சர்கள் அதனை 'சில்க்கி ஓக்' என்றனர். இலையின் வெள்ளி நிற அடிப்புறத்தால் இந்தியாவில் அது 'சில்வர் ஓக்' ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த அம்மரம் தேயிலை, காப்பித் தோட்டங்களின் நிழல் மரமாகவும், பெங்களூரு வீட்டுத் தோட்டங்களின் அழகு மரமாகவும் பரவியது. பின்னர் ஒட்டுப்பலகைக்கும் வெனீருக்கும் வெட்டப்பட்டது. அதன் மரத்தூள் சிலருக்குத் தோல் அழற்சி தரும் என்பதைப் பெயரைக் கொண்டு அறிய இயலாது.

இறுதிக் கட்டத்தில் மரமே தேவையற்றதாயிற்று. இன்று அலமாரிகளுக்கு ஒட்டப்படும் 'ஓக்' லேமினேட்டின் மேற்பரப்பு, ஓக்கின் வரியோட்டத்தை அச்சிட்டுப் பிசினில் தோய்த்த தாள். குடும்பத்தைக் குறித்த சொல் முதலில் தோற்றத்தைக் குறித்தது. இப்போது ஒரு வடிவத்தை மட்டும் குறிக்கிறது.

இப்பொருள்மாற்றம் அகராதியோடு முடிவதில்லை. குடகில் நாட்டு மரங்களை வெட்ட அரசின் அனுமதி வேண்டும். அவற்றின் மீதான உரிமையும் நிலத்தின் வகையைப் பொறுத்துச் சிக்கலானது. சில்வர் ஓக்குக்கு அத்தகைய தடை இல்லை. அது விரைந்து வளரும், நேராக நிற்கும், மிளகுக் கொடியையும் தாங்கும். எனவே அத்தியும் பலாவும் ஈட்டியும் நிழல் தந்த காப்பித் தோட்டங்களில் அது மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்து வருகிறது. வளர்ப்போரின் கணக்கு நியாயமானதே. அக்கணக்கை உருவாக்கியது சட்டம். நாட்டு மரத்தைக் காக்க எழுந்த விதி, அதனை நட்டு வளர்ப்பதையே நட்டமாக்கியது. 'ஓக்' என்ற பழம்பெருமை மிக்க பெயரோ அங்கு நிற்பது அயல்மரம் என்பதைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. தோட்டத்தில் எது நிற்கிறது, எது நீங்கிற்று என்று வினவுவோர் முதலில் பெயரை விலக்கி மரத்தை நோக்க வேண்டியிருக்கிறது.