இல்லாத திக்குவாயைச் சொல்லிக் கொடுத்த கதை

போன பதிவில் பணவீக்கம் பற்றி எழுதி உங்களைத் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும். இந்த முறை கொஞ்சம் வரலாறு.

அதற்கு முன் ஒரு சின்ன முன்கதை. எனக்குத் திக்குவாய் உண்டு. என்னோடு படிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பிரசன்ட் சார்' வராமல் கையை மட்டும் தூக்குகிற ஆள் நான்தான். ஏழாம் வகுப்பில் ஒரு ஆசிரியர், "ஒழுங்கா பேச முடிஞ்சா எந்திரி, இல்லன்னா பேசாம உக்காரு" என்றார். அந்த வருஷம் முழுக்க நான் எழுந்திருக்கவில்லை. கிட்டத்தட்ட இதே அறிவுரையை, 1939ல், அமெரிக்காவில், சில அனாதைக் குழந்தைகளிடம் ஆராய்ச்சிக்காகவே சொல்லியிருக்கிறார்கள் என்று போன மாதம் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஸ்பீச் தெரபி என்பது ஒரு தொழிலாக உருவானது அப்படியொன்றும் பழங்காலத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திக்குவாய்க்கு 'பள்ளிகள்' இருந்தன. இண்டியானாபோலிஸில் பெஞ்சமின் போக் என்பவர் நடத்திய நிறுவனம் அதில் பிரபலம். திக்குவாய்க்குக் காரணமும் தீர்வும் என்று புத்தகமே போட்டவர். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் 'வாருங்கள், குணமாகுங்கள்' போஸ்டர் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்த வியாபாரம்தான்.

இந்த ஆட்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டத்தான், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சிலர் 1925ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் உள்ள அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கத்தின் ஆரம்பம் அதுதான். 1930ல் அவர்கள் தொழில் நெறிகளை எழுதினார்கள். படித்தபோது பி.காம் மாணவனாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குணப்படுத்துவதாக உத்தரவாதம் தரக்கூடாது. குணமாகாவிட்டால் பணம் வாபஸ் என்று முன்கூட்டியே சொல்லக்கூடாது. தபால் மூலமாகவே சரி செய்கிறோம் என்று விளம்பரம் கூடாது. அளவுக்கு மீறிக் கட்டணம் வாங்கக்கூடாது. கிட்டத்தட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்! நோய் தீரும் என்று பொய் சொல்வதைத் தடுத்துவிட்டார்கள். நோய் இருக்கிறது என்று பொய் சொல்வதைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? யார் அப்படிச் செய்யப் போகிறார்கள்?

செய்தவர் வெண்டல் ஜான்சன். இவர் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கேதான் சிக்கல். 1906ல் கான்சாஸில் பிறந்தவர். கடுமையான திக்குவாய். தனக்கு விடை தேடித்தான் அயோவா பல்கலைக்கழகத்துக்கே வந்தார். அங்கே லீ எட்வர்ட் டிராவிஸ் என்பவர், திக்குவாய்க்குக் காரணம் மூளையின் இரண்டு பக்கமும் போட்டி போடுவதுதான் என்று நம்பினார். அதனால் ஜான்சனின் வலது கைக்கு மாவுக்கட்டு போட்டு இடது கையால் எல்லா வேலையும் செய்யவைத்துப் பார்த்தார்கள். பேச்சு சரியாகவில்லை. தன் திக்குவாயைப் பற்றி 1930ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு அதே துறையில் ஆசிரியரானார்.

அவருக்குப் பிடிபட்ட யோசனை இது: பேசக் கற்கும்போது எல்லாக் குழந்தையும் தடுமாறும். பயந்த பெற்றோர் அதற்குத் 'திக்குவாய்' என்று பெயர் வைக்கிறார்கள். பெயர் வைத்ததும் குழந்தை தன் வாயையே கவனிக்க ஆரம்பிக்கிறது, பயப்படுகிறது, உண்மையிலேயே திக்குகிறது. அதாவது நோயை உண்டாக்குவது நோயின் பெயர்தான். எனக்கே இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதை நிரூபிக்க அவர் எடுத்த வழி...

தன் முதுகலை மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இல்லம் அது. 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 5 வயதிலிருந்து 15 வயது வரை. அதில் 10 பேர் திக்குபவர்கள், 12 பேர் நன்றாகப் பேசுபவர்கள். அந்த 12ல் 6 பேரிடம் டியூடர் சொன்னதன் சாரம்: உனக்குப் பேச்சில் பெரிய குறை இருக்கிறது, திக்குவாய் ஆரம்பிக்கிற அறிகுறி தெரிகிறது, உடனே நிறுத்து, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே. இல்லத்துப் பணியாளர்களிடமும் இந்தக் குழந்தைகள் திக்குகிறார்கள், கவனித்துத் திருத்துங்கள் என்று சொல்லி வைத்தார். யாருக்கும் உண்மை தெரியாது. கேட்பதற்கு அம்மா அப்பாவும் இல்லை.

ஜனவரியிலிருந்து மே வரை நடந்தது. முந்தைய மாதம் தாராளமாகப் பேசிய 5 வயதுப் பெண்ணிடமிருந்து வார்த்தையை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. 9 வயதுப் பெண் கையால் கண்களை மறைத்துக்கொண்டு, பேசவே மறுத்தாள். 11 வயதுப் பையன் ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே 'இதில் மாட்டிக்கொள்வேன்' என்று அறிவிக்க ஆரம்பித்தான். (இது எனக்கு நன்றாகத் தெரியும். வார்த்தை வருவதற்கு முன்னால் அதன் பயம் வரும்.) இதையெல்லாம் டியூடரே தன் ஆய்வேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆய்வேடு நூலகத்துக்குப் போனது. பத்திரிகையில் வெளிவரவில்லை. அயோவா மாணவர்கள் தங்களுக்குள் இதற்கு 'அரக்கன் ஆய்வு' என்று பெயர் வைத்தார்கள். 1988ல் ஒரு துறை இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது, வெளியுலகம் கவனிக்கவில்லை. 2001ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மெர்குரி நியூஸ் பத்திரிகை எழுதியபோதுதான் வெடித்தது. அதே வருஷம் பல்கலைக்கழகம் மன்னிப்பு கேட்டது. ஜான்சன் 1965லேயே இறந்துவிட்டார்.

இப்போது ஒரு திருப்பம். 2002ல் நிக்கோலின் ஆம்ப்ரோஸ், எஹூத் யைரி இருவரும் பழைய தரவுகளை மறுபடி அலசினார்கள். அந்த 6 பேரும் திக்குபவர்களாக மாறினார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றார்கள். 2010ல் திக்குவாயோடு தொடர்புள்ள மரபணுக்களும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறையில், குழந்தை சரளமாகப் பேசும்போது பெற்றோர் பாராட்டுகிறார்கள், திக்கும்போது இதமாகச் சுட்டியும் காட்டுகிறார்கள். அது பலன் தருகிறது. ஜான்சன் கணக்குப்படி அது விஷமாக இருந்திருக்க வேண்டும்!

ஆக, கொள்கை தேறவில்லை. அப்படியானால் தீங்கும் இல்லையா? ஜான்சனுக்குச் சாதகமாக வாதாடுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. திக்குவாய் வரவில்லை, சரி. பேச்சு போனதே! அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்டது திக்குவதை அல்ல, வாயை மூடிக்கொள்வதை. ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. அவர் சொல்வதை எதிரே இருப்பவர் நம்புவதுதான் அவருடைய கருவி. டியூடர் பயன்படுத்தியதும் அதே கருவியைத்தான், மறு முனையால். போன வருஷம் நான் முதல்முறையாக ஒரு தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் சொன்னது, "தம்பி, இங்க நீங்க தாராளமா திக்கலாம், நான் எங்கயும் ஓடல" என்பதுதான். அன்றைக்கு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். திக்கித் திக்கித்தான்.

2003ல் பாதிக்கப்பட்டவர்கள் அயோவா மாநிலத்தின் மீது வழக்கு போட்டார்கள். தங்களை வைத்து நடந்தது பரிசோதனை என்று அவர்களில் ஒரு பெண்மணிக்குத் தெரிந்ததே 2001ல், பத்திரிகை நிருபர் சொல்லித்தான். அதுவரை தனக்குத்தான் ஏதோ குறை என்று வாழ்ந்திருக்கிறார். 2007 ஆகஸ்டில் 6 பேருக்கும் சேர்த்து 9,25,000 டாலர் என்று சமரசம் ஆனது. அப்போது உயிரோடு இருந்தவர்கள் 3 பேர். மற்ற 3 பேரின் பங்கு வாரிசுகளுக்குப் போனது.

டியூடர் ஆய்வு முடிந்த பிறகு மூன்று முறை அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போனாராம். உங்கள் பேச்சில் குறை ஒன்றும் இல்லை என்று குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெரிதாகப் பலன் இல்லை. 1940ல் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில், காலப்போக்கில் தேறிவிடுவார்கள் என்று நம்புவதாகவும், ஆனாலும் அவர்கள் மனதில் நாம் ஒரு தடத்தைப் பதித்துவிட்டோம் என்றும் குறிப்பிட்டார்.