தீவு தந்த சிறு மலைப்பாம்பு

உலகத்துப் பாம்புகளுள் நீளத்தில் முதன்மை பெற்றதும், தென்கிழக்காசியக் காடுகளில் 6 மீட்டருக்கும் மேல் வளரவல்லதும், 1801இல் ஜெர்மானியப் பண்டிதர் ஷ்னைடரால் சாஸ்திர நாமம் சூட்டப்பெற்றதுமான வலைக்கோல மலைப்பாம்பு, சாமானிய இல்லங்களில் பேணத்தக்க பிராணி அன்று. ஆயினும், சுலவேசிக்குத் தெற்கே புளோரஸ் கடலில் கிடக்கும் ஜம்பேயா முதலிய சிறு தீவுகளில் அதே ஜாதி, தலைமுறை தலைமுறையாகக் குறுகிய தேகத்துடனேயே பூரண வளர்ச்சி எய்தி வாழ்ந்து வந்திருக்கிறது. 2002இல் விஞ்ஞானிகள் ஜம்பேயாப் பாம்பைத் தனி உபஜாதியாகவே வகுத்தனர்.

அத்தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற பாம்புகளை, வெண்மை முதலான அபூர்வ வர்ணங்கொண்ட பெரும்பாம்புகளுடன் இணைத்து, பிறந்த குட்டிகளுள் வர்ணமும் சிற்றுருவமும் ஒருங்கே வாய்த்தவற்றையே மீண்டும் தீவுப் பாம்புகளுடன் கூட்டி, வளர்ப்போர் புதிய வம்சங்களை உண்டாக்கினர். முதற்கலப்பிற் பிறந்த குட்டிக்குப் பாதி தீவின் ரத்தம் என்பது நிச்சயம். ஆனால் பின்வரும் தலைமுறைகளில் விற்பனையாளர் குறிக்கும் விகிதாசாரம் வெறும் சராசரியே அன்றி வேறல்ல. உருவளவு பல மரபணுக்களின் கூட்டு ஆட்சிக்கு உட்பட்டதாகையால், ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெளிவந்த சகோதரங்களுள் ஒன்று சிறுத்தும் மற்றொன்று பருத்தும் வளர்கின்றன.

இரையைக் குறைத்துச் சிறுமையைச் சாதிப்பது இனவிருத்தி ஆகாது, அது சித்திரவதை. ஆதலால் இப்பாம்பை விரும்புவோர், விகிதாசாரத்தை நம்பாமல், தாய் தந்தையரை நேரிற் கண்டு அளவறிந்த பின்னரே வாங்குவாராக.