ஒரு வெள்ளைத் தட்டின் வாழ்க்கை

1865 ஏப்ரல் 20. மத்தியதரைக் கடலில் போப்பாண்டவரின் நீராவிக் கப்பல் ஒன்றிலிருந்து வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். எந்த ஆழத்தில் அது கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கேள்வி போப்பின் கடற்படைத் தளபதி சியால்தியுடையது. விடை தேடியவர் ஆஞ்செலோ செக்கி. இயேசு சபைப் பாதிரியாரான இவர் ரோம் நகரின் புகழ்பெற்ற வானியலாளர். விண்மீன்களை ஒளி நிறமாலையை வைத்து வகைப்படுத்தியவர்.

பல அளவுகளில் தட்டுகளை இறக்கிப் பார்த்தார்கள். வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது, தட்டு கப்பலின் நிழலில் இறங்குகிறதா, வானம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வந்தன. ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை அளவு மாறலாம் என்ற கவலை இந்தக் கருவியோடு கூடவே பிறந்தது.

கடலில் பிறந்த தட்டு ஏரிக்கு வந்தபோது உருமாறியது. அமெரிக்கக் குடிநீர் ஆய்வாளர் ஜார்ஜ் விப்பிள் 1899 வாக்கில் அதை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசினார். ஏரிகளில் இன்று பெரிதும் புழங்குவது 20 சென்டிமீட்டர் அகலமுள்ள இந்த வடிவம்தான். 1977இல் ராபர்ட் கார்ல்சன், ஏரியில் பாசி எவ்வளவு மண்டியிருக்கிறது என்பதைக் காட்டும் 'ஊட்ட நிலை' குறியீட்டெண்ணை வகுத்தார். தட்டு மறையும் ஆழம் பாதியானால் அந்த எண் 10 கூடும். பாசி பெருகுவதை வேதியியல் கூடம் இல்லாமலே மதிப்பிட ஒரு கயிறும் தட்டும் போதும் என்றானது.

அதற்குள் தட்டு விஞ்ஞானிகளின் கையைவிட்டு வெளியே வந்திருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,000க்கும் அதிகம். அத்தனைக்கும் படகும் ஆளும் அனுப்ப எந்த அலுவலகத்தாலும் முடியாது. 1973இல் அங்கே கரையோரக் குடியிருப்பாளர்களிடமே தட்டை ஒப்படைக்கும் திட்டம் தொடங்கியது. விதிகள் எளியவை: ஒவ்வொரு முறையும் அதே இடம், நடுப்பகலை ஒட்டிய நேரம், படகின் நிழல் விழும் பக்கம், கறுப்புக் கண்ணாடி கூடாது. மறையும் வரை இறக்கி, தெரியும் வரை ஏற்றி, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும்.

பயிற்சி பெறாத கைகள் எடுத்த அளவை நம்பலாமா? ஃபுளோரிடாவில் 1986இல் தொடங்கிய 'லேக்வாட்ச்' திட்டம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே ஏரிகளில் தன்னார்வலர்களும் தொழில்முறை ஆய்வாளர்களும் எடுத்த அளவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. எப்போதோ ஒருநாள் வந்து போகும் ஆய்வாளர் அந்த ஒருநாள் ஏரியைத்தான் பார்க்கிறார். கரையில் குடியிருப்பவர் மழைக்கு முன்னும் பார்க்கிறார், பின்னும் பார்க்கிறார். ஓர் அளவில் கண் கொஞ்சம் ஏமாறினால் அடுத்தடுத்த அளவுகள் அதை ஈடுகட்டிவிடும்.

ஆனால் எல்லாப் பிழையும் அப்படிக் கரைந்துவிடாது. நனைந்து நீண்ட கயிறும் தப்பாகக் குறியிட்ட கயிறும் அந்தப் பருவம் முழுக்க ஒரே பக்கமாகப் பொய் சொல்லும். நூறு முறை அளந்தாலும் சராசரி திருந்தாது. தட்டு மறையாமலே தரை தட்டினால், அந்த ஆழம் 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் பொருள்படும். அதைச் சாதாரண அளவாக எழுதினால் தெளிந்த ஏரி கலங்கியதாகக் கணக்கில் ஏறும். இவற்றைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று: வீடும் படகுத்துறையும் உள்ள ஏரிகளுக்கே அளக்க ஆள் கிடைக்கிறது, ஆளரவமற்ற ஏரிகள் பட்டியலுக்கே வருவதில்லை.

அந்த ஓட்டையை அடைக்க விண்ணிலிருந்து உதவி வந்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களில் ஏரியின் நிறம் தெரியும். அந்த நிறம் எத்தனை மீட்டர் தெளிவைக் குறிக்கிறது என்று தரையில் அளந்த யாராவது சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் கடந்துபோன நாளை ஒட்டி ஏரிகளில் எடுத்த தட்டளவுகளைப் படங்களோடு பொருத்தி, 10,000க்கும் மேற்பட்ட மினசோட்டா ஏரிகளின் 20 ஆண்டுத் தெளிவைக் கணித்தார்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அந்த அளவுகளில் பெரும்பங்கு தன்னார்வலர்கள் தந்தது. அமெரிக்க மேல் மத்திய மேற்கின் 8 மாநிலங்களில், 3,251 ஏரிகளில், 1938 முதல் 2012 வரை குடிமக்கள் திரட்டிய அளவுகளை அலசிய இன்னோர் ஆய்வு 2014இல் வந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்து இத்தனை ஏரிகளை இத்தனை காலம் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே அளந்தவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுப் பயனில்லை. பருவத் தொடக்கத்தில் கயிற்றை அளவு நாடாவோடு ஒப்பிட்டாரா, தட்டு தரை தட்டியதைக் குறித்தாரா, போன வருடம் நின்ற அதே இடத்தில்தான் படகை நிறுத்தினாரா என்று கேட்க வேண்டும். கயிறு பிசகினால் செயற்கைக்கோளின் கணக்கும் பிசகும்.